கொடியில் கிடந்த போர்வை

"ஒரு நிமிஷம் நில்லுங்க சிஸ்டர்!"

கறையக்காவின் தம்பி ஓடிப்போய்த் தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஆபரேஷன் தியேட்டரை நோக்கித் தள்ளிக்கொண்டு போன இரண்டு நர்சுகளும் நின்றார்கள். குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்க்கத்தான் நிறுத்துகிறான் என்று நினைத்து மூத்தவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவனோ குனிந்து தொட்டிலின் காலைப் பார்த்தான்.

"இந்த முன் சக்கரம் சரியா சுத்தல. வலது பக்கமா இழுக்குது. திருப்பத்துல கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் தள்ளுங்க."

நர்சுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க, பாத்துக்கறோம்" என்றாள் மூத்தவள். குழந்தை போன்ற பெரியவர்களிடம் பேசிப் பழகிய குரல் அது.

சுவரோரம் நின்றிருந்த கறையக்காவுக்குத் தம்பியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. குழந்தையின் அப்பா அவன், லிப்ட் பழுது பார்க்கிறவன். இந்த மூன்று நாளில் இந்த ஆஸ்பத்திரியில் அவனுக்குப் புரிந்த ஒரே கோளாறு அந்தச் சக்கரம்தான்.

தொட்டில் நகர்ந்தது. உள்ளே பதினாறு நாள் குழந்தை. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், வயிறு முழுக்கக் கட்டு. அந்தக் கட்டுக்கும் தலைக்கும் நடுவில் குழந்தை என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் இடம்கூட மிச்சமில்லை. கறையக்கா அவனுக்கு வைத்த பெயர் முதலாளி. பிறந்த மறுநாளே வைத்துவிட்டாள். "வீட்ல மூணு பேரும் ராப்பகலா வேலை பாக்கறோம், சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஒரு சிரிப்புகூடக் கிடையாது. முதலாளி இல்லாம வேற யாரு?" என்பாள்.

கறையக்கா என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். சலவைக்கடையில் இருபத்தாறு வருடமாகக் கறை மேசையில் நிற்கிறாள். மை, எண்ணெய், துரு, ரத்தம், லிப்ஸ்டிக், எது வந்தாலும் துணியை வெளிச்சத்தில் விரிப்பாள், கட்டைவிரலால் ஒரு தேய், மூக்கருகே ஒரு பிடி, அவ்வளவுதான். என்ன கறை, என்றைக்குப் பட்டது, போகுமா போகாதா, மூன்றையும் சொல்லிவிடுவாள். சட்டைக் காலரைப் பார்த்தே ஒருவனுடைய குடும்பக் கதையைச் சொல்லிவிடுவாள் என்று கடையில் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல் அவளுக்குப் பிடிக்கும். மறுத்துச் சொன்னதே இல்லை.

தியேட்டர் கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தாள். குள்ளமான பெண். முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி எழுந்திருக்கப் பார்க்க, "உக்காருங்கம்மா" என்று தோளில் கைவைத்து அமர்த்தினாள்.

"முன்னாடியே சொன்னதுதான், திரும்பவும் சொல்றேன். உங்க குழந்தைக்குக் குடல் வயித்துக்குள்ள சரியா ஒட்டிக்காமலே பிறந்திருக்கு. அதனால அது தானா சுத்தி முறுக்கிக்கிச்சு. பால் போற வழியும் அடைச்சிக்கிச்சு, ரத்தம் போற வழியும் அடைச்சிக்கிச்சு. புதன்கிழமை முறுக்கை அவிழ்த்து விட்டேன். ஆனா குடல் கறுத்துப்போயிருந்துச்சு. அதை உடனே வெட்டி எடுக்க எனக்கு மனசு வரல. ரத்தம் திரும்பப் பாய்ஞ்சா சில இடம் பிழைக்கும். எவ்வளவு பிழைச்சிருக்குன்னு பாக்கத்தான் இன்னிக்குத் திறக்கறோம்."

"வடம் முறுக்கிக்கிட்ட மாதிரி" என்றான் தம்பி.

"ஆமா, அதே மாதிரிதான்." டாக்டரம்மா போகத் திரும்பினாள், பிறகு நின்றாள். "ஒண்ணு கேக்கணும். பச்சையா வாந்தி எடுத்தது முதல்ல எப்ப? புதன் காலைலன்னு எழுதியிருக்கு. சரிதானா?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் கறையக்காவைப் பார்த்தாள். ஒரு இமைப்பொழுதுதான்.

"புதன் காலைலதான்" என்றாள்.

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. கறையக்கா வாயைத் திறந்தாள், மூடினாள்.

புதன்கிழமை இல்லை. திங்கட்கிழமை.

திங்கட்கிழமை மதியம் அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஒரு வெள்ளைத் துணியை நீட்டினாள். "அண்ணி, இவன் கக்கினது பச்சையா இருக்கே, பாருங்களேன்."

கறையக்கா துணியை ஜன்னலோரம் விரித்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். முகர்ந்தாள். குழந்தையின் கன்னத்தின் கீழே அன்று காலையில்தான் பிரித்த புதுப்போர்வை கிடந்தது. தம்பி மனைவியின் தங்கை வாங்கி அனுப்பியது, கண்ணைப் பறிக்கும் பச்சை. அப்புறம் என்ன யோசனை? "சாயம்" என்றாள். "உன் தங்கச்சிக்கு ஊர்ல வேற நிறமே கிடைக்கலையா? முதல் ஈரத்துலயே பல்லைக் காட்டுது பாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி மனைவி அப்போதே போனைப் போட்டுத் தங்கையை வம்புக்கு இழுத்தாள். கறையக்கா போர்வையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். வெள்ளைத் துணியை அலசிக் காயப்போட்டாள். கடைக்குத் திரும்பிப் போனாள்.

அதோடு நின்றிருந்தால் அறியாமல் செய்த பிழை என்று அவளே தன்னை ஆற்றிக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருந்ததே, அதைத்தான் எங்கேயும் கொண்டுபோய் ஒளித்துவைக்க முடியவில்லை.

செவ்வாய் காலையில் தம்பி மனைவி குளிக்கப் போயிருந்தாள். முதலாளி மறுபடி கக்கினான். மறுபடி பச்சை, முந்தின நாளைவிட அடர்த்தி. கறையக்கா துணியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டாள். ஒரே கசக்கில் போய்விட்டது. அவள் கை நின்றது. புதுத்துணிச் சாயம் வெள்ளையில் ஏறினால் ஒரு கசக்கில் போகாது, அரைநாள் மல்லுக்கட்ட வேண்டும். இது கடையில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். தலையைத் தூக்கினாள். பச்சைப் போர்வை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிந்ததை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று போர்வை ஊறிய பக்கெட்டில் பட்டு ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கியதில்லை, அந்தப் பழக்கம்தான் பேசியது. குளித்துவிட்டு வந்த தம்பி மனைவி கொடியில் ஈரத்துணியைப் பார்த்து, "இன்னுமா அண்ணி சாயம் போகுது?" என்று கேட்டாள். "ஒட்டினது அவ்வளவு லேசுல விடுமா?" என்றாள் கறையக்கா. சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

புதன் காலையில் குழந்தையின் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. அழக்கூட இல்லை.

தம்பி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தான். எந்தக் கட்டிடத்து லிப்ட் எப்போது நின்றது, எதனால் நின்றது என்று எழுதிவைக்கிற நோட்டு. அதன் பின்பக்கத்திலிருந்து இப்போது குழந்தையை எழுதிக்கொண்டு வருகிறான்.

"அக்கா, திங்கட்கிழமை மதியம் நீ வீட்ல இருந்தே இல்ல? எத்தனை தடவை கக்கினான்?"

"ஒரு தடவை. நான் பாத்தது ஒரு தடவை."

"செவ்வாய்?"

"காலைல ஒண்ணு."

"என்ன நிறத்துல இருந்துச்சு?"

நடைபாதையின் கடைசியில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. கறையக்கா தன் கைகளைப் பார்த்தாள். சோப்பிலும் மருந்திலும் ஊறி ஊறி ரேகை அழிந்துபோன விரல்கள்.

"ஏங்க, பால் குடிக்கிற குழந்தை வேற என்ன நிறத்துல கக்கும்?" என்றாள் தம்பி மனைவி. "பால் நிறம்தான். இப்ப அதை எழுதி என்ன பண்ணப்போறீங்க?"

"எழுதணும். ஒரு லிப்ட் நின்னுபோச்சுன்னா, எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியாம நான் கதவை மூடினது கிடையாது."

"இது லிப்ட் இல்ல."

"தெரியும்" என்றான். எழுதினான். பால் நிறம்.

பொய்யைச் சொன்னது என்னவோ தம்பி மனைவி. அதில் நோகாமல் உட்கார்ந்திருந்தது கறையக்கா. இவள் ஏன் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாத்தனார் மேல் அப்படி ஒன்றும் உருகி வழிகிற பாசம் கிடையாது. குழம்பில் உப்பிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் சூடுவரை இரண்டு பேருக்கும் ஓயாத வழக்கு. இதில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவேளை பிழைத்து வந்துவிட்டால் பேசாமலே போய்விடலாம் என்று நினைக்கிறாளோ? கறையக்காவும் அப்படித்தான் வேண்டிக்கொண்டாள். குடலில் பாதி போகட்டும், முக்கால்வாசி போகட்டும், உயிர் மட்டும் மிஞ்சட்டும், வீட்டுக்குப் போனதும் நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன் என்று பேரம் பேசினாள். பேரத்தில்கூடச் சொல்வதை வீட்டுக்குப் போன பிறகுதான் வைத்திருந்தாள். அதை நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் கதவு திறந்தது.

டாக்டரம்மாவைப் பார்த்ததும் தம்பி எழுந்தான். "சீக்கிரம் முடிஞ்சிடுச்சே" என்றான். வேலை சீக்கிரம் முடிந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று அவனுக்குத் தெரியும். கோளாறு சின்னது, இல்லையென்றால் சரிசெய்ய முடியாதது.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள் டாக்டரம்மா.

உள்ளே ஒரு மேசை, நாலு நாற்காலி. அவளும் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் உட்கார்ந்ததுமே கறையக்காவுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

"ஒரு இடம்கூடப் பிழைக்கல. சிறுகுடல் முழுக்கப் போயிடுச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டா குழந்தை உயிரோட இருக்க வழி இல்ல. எடுக்காம விட்டாலும் இல்ல. நான் எதையும் தொடாம மூடிட்டேன். வலி தெரியாம இருக்க மருந்து போயிட்டிருக்கு. இன்னும் சில மணி நேரம் இருப்பான். அந்த நேரத்தை மெஷினோட இருக்க வேண்டாம், அம்மா மடியில இருக்கட்டும்னு எனக்குத் தோணுது. நீங்க சரின்னு சொன்னா."

தம்பி மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ரவிக்கையின் முன்பக்கம் ஈரமாகிக்கொண்டு வந்தது. பால் கட்டிக்கொண்ட வலி மூன்று நாளாக அவளுக்கு. கறையக்கா தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள்.

"எப்ப வந்திருந்தா பிழைச்சிருப்பான்?" என்றான் தம்பி.

"அதை இப்ப பேச வேண்டாமே."

"இல்ல, சொல்லுங்க."

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "முறுக்கு விழுந்து சில மணி நேரத்துல அவிழ்த்தா பிழைக்கும். பிறந்த குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா அது பித்தம். கீழ வழி இல்லாம மேல வருதுன்னு அர்த்தம். அப்பவே ஓடி வரணும். நீங்க சொன்ன நேரத்தை வச்சுப் பாத்தா நீங்க தாமதமே பண்ணல. ஆனா நான் உள்ள பாத்தது, ஒரு காலைல ஆனது மாதிரி இல்ல. சில குழந்தைக்கு வேகமாவும் ஆகும். எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியல."

தம்பி நோட்டைத் திறந்தான். பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தான். "கணக்கு ஒத்து வரலையே" என்றான், யாரிடமும் இல்லாமல்.

கறையக்கா, "டாக்டரம்மா" என்று ஆரம்பித்தாள்.

"குழந்தையை எப்பக் குடுப்பீங்க?" என்று குறுக்கே விழுந்தாள் தம்பி மனைவி. சத்தமாகவே கேட்டாள். "இப்பவே குடுங்க. எனக்கு என் பிள்ளை வேணும்."

சின்ன அறை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். மூக்கிலும் வாயிலும் இருந்த குழாய்களை எடுத்துவிட்டு மூத்த நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் சிவந்திருந்தது. தம்பி தன் சுண்டுவிரலைக் கொடுத்தான். குழந்தை பிடித்துக்கொண்டது. லேசாகத்தான் பிடித்தது, ஆனாலும் பிடித்தது.

"நட்டு முடுக்கின மாதிரி பிடிக்கிறான் பாரு" என்றான்.

கறையக்கா கதவோரம் நின்றாள். அந்த அறையில் இருக்க அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. மெதுவாக வெளியே நழுவப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க வந்து உக்காருங்க" என்றாள் தம்பி மனைவி, தலையைத் தூக்காமலே.

வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தையின் மூச்சை எண்ணுவது தவிர மூன்று பேருக்கும் வேறு வேலை இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று பேருமே தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை மூச்சு விட்டதும் இவர்களும் விட்டார்கள். அப்படியே மத்தியானம் ஆயிற்று. இடையில் ஒருதடவை நர்ஸ் வந்து ஏதோ கேட்க, தம்பி அவள் பின்னால் நடைபாதைக்குப் போனான்.

கறையக்கா குனிந்தாள். "ஏம்மா, ஏன் அப்படிச் சொன்னே? திங்கட்கிழமையே நீ கேட்டியே."

"நீங்களும் வாயைத் திறந்துடாதீங்க அண்ணி. அவருக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். பத்து வயசுலேர்ந்து நீங்க வளத்த ஆளு. அதுவும் போச்சுன்னா அவர் என்ன ஆவாரு?"

"அதுக்காகவா?"

தம்பி மனைவி குழந்தையின் நெற்றியை விரலால் தடவினாள். "அதுக்காக மட்டும் இல்ல. நான் அவனைப் பெத்தவ. செவ்வாய்க்கிழமை கொடியில அந்தப் போர்வையை நானும்தான் பாத்தேன். பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்து கேட்டேன். சாயம்னு நீங்க சொல்லணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு அண்ணி. நீங்க சொன்னதும் நிம்மதியாப் போய்ப் படுத்துட்டேன்."

கறையக்கா கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டாள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தம்பி திரும்பி வந்தான். மறுபடி சுண்டுவிரலைக் கொடுத்தான். இந்தத் தடவை குழந்தை பிடிக்கவில்லை. விரலை எடுக்காமல் அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தபடியே இருந்தான். இரண்டரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூச்சு வந்தது. அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள். முதலில் மூச்சை விட்டது கறையக்காதான்.

டாக்டரம்மா வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "முடிஞ்சிடுச்சும்மா" என்றாள். தம்பி மனைவியின் தலையில் ஒரு கணம் கைவைத்துவிட்டுப் போனாள்.

குழந்தையைத் துடைத்துத் துணி மாற்றுவதற்காக நர்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். அலுவலகத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தார்கள். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை அடியில் வைத்துக்கொண்டு அவன் நிரப்பத் தொடங்கினான். அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டு விலாசம். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டான். நிதானமாக, அச்சடித்தது போல எழுதினான். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. பிறகு பேனா நின்றது.

"நோய்க்குறி தொடங்கிய நாள்னு கேட்டிருக்கு. புதன்தானே?"

"ஆமா" என்றாள் தம்பி மனைவி.

பேனா தாளைத் தொட்டது.

"இல்ல" என்றாள் கறையக்கா. "திங்கள்."

தம்பி நிமிர்ந்தான். தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நிறுத்தினால் மறுபடி வராது என்று கறையக்காவுக்குத் தெரிந்தது. மூச்சுவிடாமல் சொன்னாள். "திங்கட்கிழமை மதியமே பச்சையாத்தான் கக்கினான். உன் பெண்டாட்டி துணியைக் கொண்டுவந்து என்கிட்டக் கேட்டா. நான்தான் போர்வைச் சாயம்னு சொன்னேன். அவ என்னை நம்பினா. துவைச்சு வெள்ளையாக்கிக் காயப்போட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை காலைல மறுபடியும் பச்சை. அதையும் நான்தான் துவைச்சேன். அவ மறுபடி கேட்டா. அப்பவும் சாயம்னுதான் சொன்னேன்."

தம்பியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவன் கத்தியிருந்தால், அந்தத் தாளைக் கிழித்து அவள் முகத்தில் எறிந்திருந்தால், ஏந்திக்கொள்ள அவள் தயாராக நின்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பழுதான இடத்தை விளக்கடித்துப் பார்க்கிறவனின் பார்வை அது. சிறுவயதில் கடிகாரத்தைக் கழற்றிப்போட்டு மாட்டத் தெரியாமல் அவளிடம் ஓடிவந்து அழுதவன் இவன்தான்.

"செவ்வாய்க்கிழமை காலைல," என்றான் மெதுவாக, "அந்தப் போர்வை எங்க இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கெட்டில் இருந்தது, தொட்டிலில் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நம்பிவிடுவான். அவள் அறியாதவளாகிவிடுவாள்.

"கொடியில" என்றாள். "விடிஞ்சதுலேர்ந்து கொடியிலதான் காஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்டா."

தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கறையக்கா அவள் கையை இறுகப் பிடித்து அமுக்கினாள். அவளுடைய பங்கு அவளிடமே இருக்கட்டும். எப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது சொல்லிக்கொள்ளட்டும்.

தம்பி குனிந்தான். நாள் என்ற இடத்தில் திங்கள் என்று எழுதினான். தேதியைப் போட்டான். கீழே கையெழுத்திட்டான். தாளை எடுத்துக்கொண்டு நடைபாதையின் கடைசி வரை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு, நடந்து திரும்பி வந்தான். வந்து பெஞ்சில் உட்காராமல் எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அழுதான். சத்தமே இல்லாமல், முகத்தை மூடாமல், கைகள் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு அழுதான். எழுந்துபோய் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளக் கறையக்காவின் கால்கள் துடித்தன. இன்றைக்கு அந்தத் தோள் அவனுக்கு ஆகுமா என்று தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மூத்த நர்ஸ் வந்தாள். குழந்தையை வெள்ளைத் துணியில் கழுத்துவரை சுற்றியிருந்தாள். முகம் மட்டும் தெரிந்தது. தலைமுடியை ஈரம்தொட்டு ஒரு பக்கமாகச் சீவிவிட்டிருந்தாள்.

"கீழ வண்டி வரைக்கும் நீங்களே தூக்கிட்டுப் போகலாம்" என்றாள். "யார் கையில குடுக்கட்டும்?"

தம்பி மனைவி எழப் பார்த்தாள். கால் தள்ளாடி, பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி போய் அவளைத் தாங்கினான். அவன் இரண்டு கைகளும் அவளிடம் இருந்தன. கறையக்கா தரையைப் பார்த்தாள். தன்னைக் கேட்க மாட்டார்கள், கேட்கக்கூடாது, நர்சே தூக்கிக்கொண்டு வரட்டும்.

நர்ஸ் காத்துக்கொண்டு நின்றாள்.

"அக்காகிட்டக் குடுங்க" என்றான் தம்பி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மன்னித்துச் சொன்னானா, சுமக்கட்டும் என்று சொன்னானா, அந்தக் குரலில் தெரியவில்லை. கறையக்கா எழுந்தாள். கையை நீட்டினாள். வாங்கும்போது அவளையறியாமல் இடது உள்ளங்கை விரிந்து குழந்தையின் பிடரிக்கு அணைகொடுத்தது. கழுத்து நிற்காத குழந்தையை அப்படித்தானே வாங்க வேண்டும்.

லிப்டில் ஏற்கெனவே ஒரு பெண்மணி இருந்தாள். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் துணிப்பை. இவர்கள் மூன்று பேரும் ஏறியதும் நகர்ந்து இடம்விட்டாள். கறையக்காவின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"என்ன குழந்தை?"

"பையன்" என்றாள் தம்பி மனைவி.

"எத்தனை நாள் ஆகுது?"

"பதினாறு நாள்" என்றான் தம்பி.

"நல்லாத் தூங்குறான். எங்க வீட்லயும் ஒண்ணு வந்திருக்கு, ரெண்டு நாளா ஒரே அழுகை, ஒருத்தர் கண்ணு மூடல. நீங்க குடுத்து வச்சவங்க." அவள் கழுத்தை நீட்டி இன்னும் ஒருமுறை பார்த்தாள். தன் குரல் பெரிதாக இருந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, நாக்கைக் கடித்துக்கொண்டு கையால் வாயைப் பொத்தினாள்.

கறையக்கா துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். தம்பி பக்கத்தில் வந்து அவள் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தான். பாரம் என்று எதுவும் இல்லைதான். கையை எடுக்காமலே வைத்திருந்தான்.

லிப்ட் நின்று கதவு திறந்தது. அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தை விழித்துவிடக்கூடாதென்று சத்தம் காட்டாமல் இறங்கிப் போனாள்.